கணக்கு எழுதினால் மட்டும் போதுமா?

கல்லாவுக்குப் பக்கத்தில் சாய்வு மேசை போட்டு, நாள்வழியும் பேரேடும் விரித்து வைத்துக்கொண்டு நாள் முழுவதும் உட்கார்ந்திருந்த கணக்கப்பிள்ளைகள் நமது கடைகளிலிருந்து மறைந்து வெகுகாலம் ஆகிவிட்டது. பெரிய மொத்த வியாபாரிகள் சிலரைத் தவிர, மற்றவர்கள் எல்லோரும் இன்று மாத ஒப்பந்தத்தில்தான் கணக்கு எழுதிக்கொள்கிறோம். வாரம் இரண்டு நாள் வந்து பில் கட்டை எடுத்துப் போகிறவர் உண்டு. பில்களைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினால் வீட்டிலிருந்தபடியே டேலியில் ஏற்றிவிடுகிறவர் உண்டு. ஒருவரே பத்துக் கடை, பதினைந்து கடை என்று பார்க்கிறார். கடைக்கு இவ்வளவு என்று மாதக் கூலி. அவருக்கும் அது கட்டுப்படியாகிறது, நமக்கும் தனியாக ஓர் ஆளை வைத்துச் சம்பளம் கொடுக்கும் பாரம் இல்லை.

இந்த ஏற்பாட்டில் ஒரு குறை இருக்கிறது. வருகிறவர் கணக்கை எழுதுகிறாரே தவிர, கணக்கைப் பார்ப்பதில்லை. பில்லில் உள்ளதைக் கணினியில் ஏற்றுகிறார், இருபதாம் தேதிக்குள் ரிட்டர்ன் போடுகிறார், ஆண்டு முடிவில் ஆடிட்டரிடம் ஒப்படைக்கிறார். அந்தக் கணக்கு கடைக்காரருக்கு என்ன சொல்கிறது என்று கேட்டால் அவரிடம் பதில் இல்லை. கேட்க வேண்டும் என்று நம்மில் பலருக்குத் தோன்றுவதும் இல்லை.

எழுதும் வேலைக்கு இனி மதிப்புக் குறையத்தான் போகிறது. பில்லைப் படமெடுத்தால் தானே படித்துப் பதிவு செய்துகொள்ளும் மென்பொருள்கள் வந்துவிட்டன. மொத்த வியாபாரி தரும் பில்லை அப்படியே கோப்பாக வாங்கி நமது கணினியில் சேர்த்துக்கொள்ளவும் முடிகிறது. ஆகவே ஒப்பந்தத்தில் கணக்கு எழுதிப் பிழைக்கும் இளைஞர்கள், இளம் பெண்கள் எல்லோரும் எக்செல் போன்ற விரிதாளைக் கையாளவும், அதில் உள்ள விவரத்தை அலசிப் பார்க்கவும் கற்றுக்கொள்வது அவர்கள் பிழைப்புக்கே அவசியமாகிறது. நமது உறுப்பினர் வீட்டுப் பிள்ளைகள் பலர் பி.காம். முடித்துவிட்டு இந்த வேலையைத்தான் செய்கிறார்கள். அதனால் இது அவர்கள் விஷயம் மட்டுமல்ல, நம் வீட்டு விஷயமும்கூட.

வரிப் பணம் எங்கே போகிறது?

முதலில் ஜி.எஸ்.டி.யை எடுத்துக்கொள்வோம். 2017 ஜூலை 1ஆம் தேதி இந்த வரி வந்தபோது, கொள்முதலில் கட்டிய வரியை விற்பனை வரியில் கழித்துக்கொள்ளலாம் என்றார்கள். அதற்கு நமது கையில் பில் இருந்தால் போதும் என்றுதான் பலரும் நினைத்திருந்தோம். 2022 ஜனவரி 1 முதல் நிலைமை வேறு. நமக்குச் சரக்குப் போட்டவர் தம்முடைய ரிட்டர்னில் அந்தப் பில்லைக் காட்டியிருக்க வேண்டும். அது நமது 2பி பட்டியலில் வந்திருக்க வேண்டும். வராவிட்டால் அந்த வரிக் கழிவு அந்த மாதம் கிடையாது. பில் பீரோவில் பத்திரமாக இருந்தும் பயனில்லை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ரூ. 80,000க்கு 5 சதவீத வரியுள்ள சரக்கு வாங்குகிறோம். வரி ரூ. 4,000. மளிகையில் ஓடும் சரக்குக்கு நமக்குக் கிடைக்கும் லாபம் 3 சதவீதம் என்று வைத்தால் ரூ. 2,400. அந்த ஒரு பில் 2பியில் வராமல் போனால், கிடைத்த லாபம் முழுவதும் போய், அதற்கு மேலும் கையிலிருந்து ரூ. 1,600 போகிறது. சரக்குப் போட்டவர் அடுத்த மாதம் சரிசெய்தால் பணம் திரும்ப வரும். அவர் மறந்துபோய், நாமும் கேட்காமல் விட்டால், நிதியாண்டு முடிந்து வரும் நவம்பர் 30ஆம் தேதியோடு பொதுவாக அந்த உரிமை போய்விடும்.

மாதா மாதம் 14ஆம் தேதி 2பி பட்டியல் தயாராகிறது. அதை எக்செல் கோப்பாக இறக்கிக்கொள்ளலாம். டேலியிலிருந்து கொள்முதல் பதிவேட்டையும் எக்செல்லாக எடுக்கலாம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, சரக்குப் போட்டவரின் ஜி.எஸ்.டி. எண்ணையும் பில் தொகையையும் கொண்டு ஒத்துப் பார்க்க வேண்டும். வி-லுக்அப் என்ற ஒரு சூத்திரம் தெரிந்தவருக்கு முந்நூறு பில் என்பது அரை மணி நேர வேலை. தெரியாதவர் கண்ணால் பார்த்து டிக் அடிக்க உட்கார்ந்தால் ஒரு நாள் போய்விடும். பதினைந்து கடை வைத்திருப்பவருக்கு அந்த ஒரு நாள் கிடைக்காது, ஆகவே அவர் பார்க்கவே மாட்டார். பில் எண்ணை மட்டும் நம்பி ஒத்துப் பார்க்கவும் கூடாது. நாம் 24 என்று எழுதியதை அவர் 0024 என்று போட்டிருப்பார், ஆண்டையும் சேர்த்துப் போட்டிருப்பார். சூத்திரம் இரண்டையும் வேறு வேறு பில் என்றுதான் சொல்லும். இப்படிப்பட்ட நெளிவு சுளிவு தெரிந்தவரே தேர்ந்த கணக்கர்.

மொத்த வியாபாரிகளுக்கு இன்னொன்றும் உண்டு. சரக்கு வாங்கி 180 நாளுக்குள் பணம் கொடுக்காவிட்டால், எடுத்த வரிக் கழிவை வட்டியுடன் திருப்பிக் கட்ட வேண்டும். பிறகு பணம் கொடுத்ததும் மீண்டும் எடுத்துக்கொள்ளலாம் என்றாலும், இடையில் போகும் வட்டி போனதுதான். எந்தப் பில் எத்தனையாவது நாளில் நிற்கிறது என்று ஒரு தாளில் நாள் கணக்குப் போட்டு வைத்தால், 150 நாள் தாண்டியவை தனி நிறத்தில் தெரியும்படி செய்துவிடலாம். (ரூ. 1.5 கோடிக்குள் விற்றுமுதல் உள்ள, தொகுப்பு வரித் திட்டத்தில் சேர்ந்த சிறு கடைகளுக்கு வரிக் கழிவே கிடையாது என்பதால் இந்தத் தொல்லையும் இல்லை.)

2025 செப்டம்பர் 22ஆம் தேதி வரி விகிதங்கள் மாறியதை யாரும் மறந்திருக்க மாட்டோம். சோப்பு, பற்பசை, ஷாம்பு, தலைக்குத் தேய்க்கும் எண்ணெய், பிஸ்கட் எல்லாம் 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதத்துக்கு வந்தன. நெய்யும் வெண்ணெயும் 12லிருந்து 5க்கு வந்தன. பொருள்வாரியாக எச்.எஸ்.என். எண்ணுடன் பட்டியல் வைத்திருந்த கடைகளில் பழைய விகிதம், புதிய விகிதம் என்று இரண்டு பத்தி போட்டு ஒரே இரவில் விலை மாற்றம் முடிந்துவிடும். பட்டியல் இல்லாத கடையில் ஒவ்வொரு பொருளாக எடுத்துப் பார்த்து மாற்ற வேண்டியதுதான்.

அலமாரியில் தூங்கும் பணம்

வரியைவிட எனக்கு முக்கியமாகத் தோன்றுவது தேங்கிய சரக்கு. அரசாங்கம் நோட்டீஸ் அனுப்பும் என்பதால் வரியைப் பற்றியாவது பயம் இருக்கிறது. தேங்கிய சரக்கு யாருக்கும் நோட்டீஸ் அனுப்புவதில்லை.

கடையில் ரூ. 12 லட்சத்துக்குச் சரக்கு இருக்கிறது, அதில் ரூ. 1,80,000 பெறுமானம் 90 நாளாக ஒரு தடவைகூட விற்கவில்லை என்று வைத்துக்கொள்வோம். நூற்றுக்கு ஒன்றரை வட்டிக்கு, அதாவது ஆண்டுக்கு 18 சதவீதத்துக்குப் பணம் புரட்டுகிறவருக்கு அந்தச் சரக்கின் வட்டி மட்டும் மாதம் ரூ. 2,700. ஆண்டுக்கு ரூ. 32,400. காலாவதியாகித் தூக்கிப் போடுவதும் எலி கடிப்பதும் தனி. பில்லிங் மென்பொருளிலிருந்து ஒவ்வொரு பொருளும் கடைசியாக விற்ற தேதியை எடுத்து, இன்றைய தேதியிலிருந்து கழித்து, பெரியதிலிருந்து சிறியதாக வரிசைப்படுத்தினால் போதும். தூங்குகிற சரக்கு முழுவதும் முதல் பக்கத்துக்கு வந்துவிடும். இதற்குப் பெரிய படிப்பு ஒன்றும் தேவையில்லை, கழித்தலும் வரிசைப்படுத்தலும்தான்.

கொள்முதல் விலையிலும் இப்படித்தான். 12 வாங்கினால் 1 இலவசம் என்று லைனுக்கு வரும் விற்பனைப் பிரதிநிதி சொல்வார். 8.33 சதவீதம் கழிவு என்று கணக்கும் சொல்வார். உண்மையில் 13 பொருளை 12 பொருளின் விலைக்கு வாங்குகிறோம், கழிவு 7.69 சதவீதம்தான். இன்னொரு ஸ்டாக்கிஸ்ட் நேராக 8 சதவீதம் கழித்துத் தந்தால் அவரிடம் வாங்குவதே மேல். அதிலும் ஒரு டஜன் சேர்த்து வாங்க வேண்டிய கட்டாயம் இல்லை.

ரொக்கக் கழிவை நாம் சரியாகக் கணக்கிடுவதே இல்லை. ஏழு நாளில் கட்டினால் 2 சதவீதம் கழிவு, இல்லாவிட்டால் 30 நாள் தவணை என்கிறார் டீலர். வெறும் 2 சதவீதம்தானே என்று தவணையை எடுத்துக்கொள்கிறோம். ரூ. 100 பில்லுக்கு ரூ. 98 கட்டினால் முடிகிற இடத்தில், 23 நாள் கூடுதலாக வைத்துக்கொள்வதற்காக ரூ. 2 கொடுக்கிறோம். ஆண்டுக் கணக்கில் அது 32 சதவீத வட்டிக்கு மேல் வருகிறது. வங்கியில் ஓவர்டிராஃப்ட் வசதி உள்ளவர் அந்தப் பணத்தை எடுத்து டீலருக்குக் கட்டிவிடுவதே லாபம். எந்த டீலர் என்ன கழிவு தருகிறார், எத்தனை நாள், ஆண்டு வட்டியாக எவ்வளவு என்று ஒரே தாளில் போட்டுக் கொடுக்கிற கணக்கர் கிடைத்தால், அவருக்கு ஆண்டு முழுவதும் கொடுக்கும் கூலி அந்த ஒரு தாளிலேயே வந்துவிடக்கூடும்.

சப்ளை ஒப்பந்தம் எடுப்பவர்களுக்கு

நமது உறுப்பினர்களில் விடுதிகளுக்கும் கேன்டீன்களுக்கும் ஆண்டு ஒப்பந்தத்தில் மளிகை சப்ளை செய்கிறவர்கள் கணிசமாக உண்டு. ஒப்பந்தப்புள்ளியில் விலையைக் குறித்துக் கொடுத்துவிட்டால், பன்னிரண்டு மாதத்துக்கும் அதே விலை. கணக்குத் தெரியாமல் இறங்கினால் கையைச் சுட்டுக்கொள்வது இங்கேதான்.

ஒரு விடுதிக்கு மாதம் ரூ. 2,50,000க்குச் சரக்கு போகிறது, எல்லாம் போக 6 சதவீதம் நிற்கிறது என்று வைப்போம். மாதம் ரூ. 15,000. இதில் அரிசி 1,000 கிலோ, துவரம் பருப்பு 150 கிலோ. அரிசி கிலோவுக்கு ரூ. 4 ஏறினால் ரூ. 4,000 போகிறது. பருப்பு கிலோவுக்கு ரூ. 30 ஏறினால் ரூ. 4,500 போகிறது. இரண்டும் சேர்ந்து ஏறினால் ரூ. 15,000 லாபத்தில் மிஞ்சுவது ரூ. 6,500. எண்ணெயும் கூடவே ஏறினால் கையிலிருந்து போடவேண்டி வரும். இப்படி ஏறாது என்று யாரும் சொல்ல முடியாது. 2015 அக்டோபரில் துவரம் பருப்பு பல ஊர்களில் கிலோ ரூ. 200ஐத் தாண்டியது, அதற்கு ஓராண்டுக்கு முன்பு ரூ. 100க்குக் கீழே இருந்த சரக்கு அது.

ஒப்பந்தப்புள்ளி போடுவதற்கு முன்பாக, ஒவ்வொரு பொருளின் மாத அளவையும் இன்றைய கொள்முதல் விலையையும் தாளில் போட்டு, பருப்பு 10 சதவீதம் ஏறினால் என்ன, 25 சதவீதம் ஏறினால் என்ன என்று மாற்றி மாற்றிப் பார்க்க வேண்டும். ஒரு கட்டத்தில் எண்ணை மாற்றினால் அடிக் கூட்டல் வரை தானே மாறிவிடும். அரிசி, பருப்பு, எண்ணெய் ஆகிய மூன்றுதான் பெரும்பாலும் லாபத்தைத் தீர்மானிக்கின்றன. கடுகு, வெந்தயம் இரட்டிப்பானாலும் கவலையில்லை என்பது அந்தத் தாளைப் பார்த்தவுடன் விளங்கும். பிறகு அந்த மூன்று பொருளுக்கு மட்டும் விலை ஏற்றத்துக்கு வழி வைத்து ஒப்பந்தம் கேட்கலாம், அல்லது அறுவடைக் காலத்தில் மூன்று மாதச் சரக்கைப் பிடித்து வைக்கலாம். அதுவும் முடியாதென்றால் அந்த ஒப்பந்தத்தை விட்டுவிடலாம். விடுவதும் வியாபாரம்தான்.

இதில் ஒரு பழைய கதையும் பொருத்தமாக இருக்கிறது. விரிதாள் மென்பொருள் பிறந்ததே இந்த மாற்றி மாற்றிப் பார்க்கும் தேவையில்தான். அமெரிக்காவில் ஹார்வர்டு வணிகப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்த டான் பிரிக்ளின், ஆசிரியர் கரும்பலகையில் போட்ட கட்டத்தில் ஓர் எண்ணை மாற்றியவுடன் வரிசையாக மற்ற எல்லா எண்களையும் அழித்து எழுத வேண்டியிருந்ததைப் பார்த்தார். அவரும் பாப் ஃபிராங்ஸ்டனும் சேர்ந்து செய்த விசிகால்க் 1979இல் வெளிவந்தது. பிறகு 1983இல் லோட்டஸ் 1-2-3, 1985இல் எக்செல். அந்த மென்பொருள்கள் பரவியபோது அங்கே பேரேடு எழுதும் குமாஸ்தா வேலைகள் குறைந்தன. கணக்கை ஆராய்ந்து சொல்லும் வேலைகள் பெருகின. நம் நாட்டு டேலியும் ஒரு வணிகர் வீட்டில் பிறந்ததே. பெங்களூரில் ஜவுளி ஆலைகளுக்குப் பொருள் வழங்கி வந்த ஷியாம் சுந்தர் கோயங்கா, தமது வியாபாரத்துக்கு ஏற்ற கணக்கு மென்பொருள் கிடைக்காததால் மகன் பரத்தை எழுதச் சொன்னார். அது 1986இல்.

தாள் ஏமாற்றும் இடங்கள்

கணினி சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்ற எண்ணம் வேண்டாம். மளிகைக் கடைக்காரருக்கு முதல் சங்கடம் எச்.எஸ்.என். எண்ணிலேயே வருகிறது. பருப்பு வகைகளுக்கு 0713, தேயிலைக்கு 0902, மிளகு மிளகாய்க்கு 0904. எக்செல்லில் 0713 என்று தட்டினால் முன்னால் உள்ள பூஜ்யத்தை விழுங்கிவிட்டு 713 என்று நிற்கும். அந்தப் பத்தியை முன்கூட்டியே எழுத்து வகை என்று மாற்றி வைத்துவிட்டுத்தான் எண்களை ஏற்ற வேண்டும். 890 என்று தொடங்கும் 13 இலக்க பார்கோடு எண்ணைப் போட்டால் 8.9 என்று சுருக்கி ஏதோ விஞ்ஞானக் குறியீடாகக் காட்டும். பில் எண் 4-6 என்றால் அதை ஜூன் 4ஆம் தேதி என்றோ ஏப்ரல் 6ஆம் தேதி என்றோ எடுத்துக்கொள்ளும். கூட்டல் சூத்திரம் நூறாவது வரியோடு நின்றிருக்க, சரக்குப் பட்டியல் நூற்றிருபது வரிக்குப் போயிருக்கும். அடிக்கூட்டல் தவறு என்று யாருக்கும் தெரியாது.

சின்னக் கடைக்காரர்கள்தான் இதில் சிக்குகிறார்கள் என்று நினைக்க வேண்டாம். 2020 செப்டம்பர் கடைசியிலும் அக்டோபர் தொடக்கத்திலும் இங்கிலாந்தில் 15,841 கொரோனா நோயாளிகளின் விவரம் அரசுக் கணக்கில் சேராமல் விடுபட்டது. பழைய வகை எக்செல் கோப்பில் 65,536 வரிக்கு மேல் இடமில்லை என்பதே காரணம். அந்த நோயாளிகளோடு பழகியவர்களைத் தேடிப்பிடிக்கும் வேலை அதனால் தாமதமானது.

ஆகவே கணக்கர் எந்தத் தாள் கொடுத்தாலும், அதன் அடிக்கூட்டலை டேலியின் கூட்டலோடு ஒத்துப் பார்த்துக் கொடுத்தாரா என்று கேளுங்கள். கேட்டவுடன் காட்டுகிறவரிடம் கடையை நம்பி ஒப்படைக்கலாம்.

கற்பதும் கூலியும்

கற்றுக்கொள்ளப் பெரிய செலவு இல்லை. காசு கொடுத்து எக்செல் வாங்க முடியாதவர்களுக்கு லிப்ரே ஆபீஸ் கால்க் இலவசம். கூகுள் ஷீட்ஸும் இலவசம். மும்பை ஐ.ஐ.டி.யின் ஸ்போக்கன் டுடோரியல் திட்டத்தில் கால்க் பாடங்கள் தமிழிலேயே கிடைக்கின்றன. தட்டச்சுப் பயிலகங்களில் படித்து எழுதும் கணினி அலுவலகப் பயன்பாட்டுச் சான்றிதழ்த் தேர்விலும் விரிதாள் ஒரு பகுதி. வடிகட்டுதல், வரிசைப்படுத்துதல், நிபந்தனையோடு கூட்டுதல், வி-லுக்அப், பைவட் டேபிள் ஆகிய ஐந்தும் கைக்கு வந்துவிட்டால் ஒரு மளிகைக் கடைக்குத் தேவையானதில் பெரும் பகுதி முடிந்தது. பைவட் டேபிள் என்பது பத்தாயிரம் வரி விற்பனைப் பட்டியலைப் பொருள்வாரியாகவோ மாதவாரியாகவோ சுருக்கி ஒரே பக்கத்தில் தருவது. பயிற்சிக்கு வேறெங்கும் போக வேண்டாம். சொந்தக் கடையின் மூன்று மாத பில்களே போதும்.

சான்றிதழைப் பார்த்து மட்டும் ஆளை எடுக்காதீர்கள். ஒரு மாதக் கொள்முதல் பட்டியலைக் கொடுத்து, ஒரே பொருளை இரண்டு டீலரிடம் வாங்கியதில் கழிவு, வண்டிக்கூலி எல்லாம் போக யாரிடம் மலிவு என்று கேளுங்கள். ஒரு மணி நேரத்தில் பதில் சொல்கிறாரா, அந்தப் பதில் எப்படி வந்தது என்று நமக்குப் புரியும்படி காட்டுகிறாரா என்று பாருங்கள். புரியும்படி காட்டுவது முக்கியம். கலர் கலராகப் படம் போட்டுக் கொண்டுவந்து மலைக்க வைக்கிறவர்களும் இப்போது உண்டு. அந்தப் படத்தை வைத்து அரிசி ஒரு மூட்டை குறைத்து வாங்கலாமா வேண்டாமா என்று முடிவெடுக்க முடியாவிட்டால் அதனால் என்ன பயன்?

இப்படிப்பட்டவருக்குக் கூலி கூடுதலாகத்தான் கொடுக்க வேண்டும். எழுதும் வேலைக்கு ஒரு தொகை, மாதம் ஒருமுறை மூன்று தாள் கொடுப்பதற்குத் தனித் தொகை என்று பிரித்துப் பேசிவிடுவது இரு தரப்புக்கும் நல்லது. மூன்று தாள் என்பவை: 2பியில் வராத பில்கள், 90 நாள் விற்காத சரக்கு, 30 நாள் தாண்டிய கடன் பாக்கி. கணக்கர்களுக்கும் ஒரு வார்த்தை. இருபது கடையைப் பிடித்து எழுதித் தள்ளுவதைவிட, எட்டுக் கடையைப் பிடித்து இந்த மூன்று தாளையும் ஒழுங்காகக் கொடுத்தால் வருமானம் குறையாது. அந்த எட்டுக் கடைக்காரர்களும் உங்களை லேசில் விடவும் மாட்டார்கள்.

ஒப்பந்தத்தை வாய்வார்த்தையாக விடாமல் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். தாள்களும் டேலி விவரமும் கடைக்குச் சொந்தம், மாதக் கடைசியில் ஒரு நகல் கடையில் உள்ள கணினியிலோ பென்டிரைவிலோ வைக்கப்பட வேண்டும், ஜி.எஸ்.டி. தளத்தில் பதிவான கைபேசி எண்ணும் மின்னஞ்சலும் கடைக்காரருடையதாகவே இருக்க வேண்டும், கோப்புக்குப் பூட்டுச் சொல் போட்டிருந்தால் அது கடைக்காரருக்கும் தெரிந்திருக்க வேண்டும். கணக்கர் வேறு வேலைக்குப் போகும்போது ஒரு மாத முன்னறிவிப்பும், அடுத்து வருகிறவருக்கு இரண்டு நாள் விளக்கமும் கொடுப்பதாக எழுதிக்கொள்ளலாம். அந்த இரண்டு நாளுக்கும் கூலியை நாம் கொடுத்துவிட வேண்டும்.